ஆயில் அல்லாத ஆயில்

ஏர்க்காரர் தன் மச்சானுக்கு நாற்பதாயிரம் கடன் பட்டிருந்தார். ஏழு வருடமாகப் பட்டிருந்தார். வட்டியாக ஒரு காசும் கொடுத்ததில்லை. வட்டிக்குப் பதிலாக ஒரு நாற்றத்தைச் சுமந்தார். அந்த நாற்றத்தின் கதைதான் இது. மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்க நினைப்பவர்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம்.

ஏர்க்காரர் என்றதும் மாடும் கலப்பையுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர் வயலில் கால் வைத்தவரே அல்ல. பிரேக் குழாய்க்குள் புகுந்துகொண்ட காற்றை வெளியேற்றுவதைப் பட்டறைகளில் ‘ஏர் எடுப்பது’ என்பார்கள். குழாயில் ஒரு பொட்டுக் காற்று இருந்தாலும் பிரேக் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. மற்ற மெக்கானிக்குகள் அரை நாள் மல்லுக்கட்டியும் போகாத காற்றை அவர் முக்கால் மணி நேரத்தில் எடுத்துவிடுவார். அப்படி வந்த பெயர் அது. யாரும் சும்மா தூக்கிக் கொடுத்ததில்லை. வண்டிக்கடியில் புரண்டு புரண்டு சம்பாதித்தது.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் அவருக்கும் இருந்த சகவாசம் முடிந்தது. அதனால் என்ன குறைந்துவிட்டது? சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் ஒரு விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் எங்கே எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்வார். அளவுக்கருவியோடு வந்த படித்த பிள்ளைகள் அளந்து பார்த்துவிட்டு, அவர் சொன்னதையே திரும்பச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சொந்தப் பட்டறை, தகரக் கூரை, இரண்டு வண்டி நிற்கும் இடம், சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். எல்லாம் இரண்டு கையால் வந்தவை. ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று, டிரம் கடைகிற பழைய லேத் இயந்திரம். அதை வாங்கத்தான் மனைவியின் அண்ணனிடம் நாற்பதாயிரம் வாங்கினார். கேட்டபோது மச்சான் தாராளமாகத்தான் பேசினார்.

“நமக்குள்ள என்ன மாப்ள வட்டி? என் டிரெய்லருங்க மூணு இருக்கு. அதுங்களுக்கு பிரேக் வெச்சு, அத மட்டும் நீ பாத்துக்க. அசல நீ எப்ப வேணா குடு.”

தேன் மாதிரி இனித்தது. அந்த மூன்று டிரெய்லரிலும் என்ன போகிறது என்பதை ஏர்க்காரர் அப்போது யோசிக்கவில்லை.

மீன் சந்தையில் வெட்டி எறியும் தலை, குடல், செவுள், செதில். இவற்றையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கோழித் தீவனம் அரைக்கும் ஆலையில் கொட்டுவதுதான் மச்சானின் தொழில். சந்தைக்காரன் எடுத்துக்கொண்டு போனால் போதுமென்று காசு கொடுப்பான். ஆலைக்காரன் கொண்டுவந்ததற்குக் காசு கொடுப்பான். இரண்டு பக்கமும் வருமானம். அந்த வருமானத்தின் நடுவில், தரையோடு தரையாக, மல்லாந்து கிடந்தவர் ஏர்க்காரர்.

டிரெய்லர்களுக்கு முதலில் பிரேக்கே கிடையாது. ஒருமுறை சரக்கோடு வந்த டிரெய்லர், முன்னால் இழுத்த வண்டியை முட்டித் தள்ளி ஒரு கிடங்குச் சுவரில் கொண்டுபோய் ஒட்டிவிட்டது. அதற்குப் பிறகுதான் மூன்றுக்கும் ஹைட்ராலிக் பிரேக் வைத்தார் ஏர்க்காரர். அதன் சூட்சுமம் எளிது. இழுக்கிற வண்டி பிரேக் போட்டதும், பின்னால் வருகிற டிரெய்லர் தன் கனத்தாலேயே முன்னால் வந்து முட்டும். அந்த முட்டலை வாங்கிக்கொள்ள இணைப்புக் கொக்கியில் நழுவுகிற ஒரு தண்டு உண்டு. தண்டு நழுவி மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும். அதிலிருக்கும் பிரேக் ஆயில் குழாய் வழியாக ஓடி, நாலு சக்கரத்திலும் பிரேக் கட்டையை விரித்து டிரம்மைப் பிடிக்கும். முட்ட வருகிறவனின் வேகத்தை வைத்தே அவனைப் பிடித்து நிறுத்துகிற ஏற்பாடு. யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒரு படகு டிரெய்லரைக் கழற்றிப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டு செய்தார். இன்றைக்கும் வெல்டிங்கில் ஒரு கீறல் கிடையாது.

ஆனால் பராமரிப்பு இருக்கிறதே, அது குடலைப் புரட்டுகிற வேலை. டிரெய்லரைக் கழுவி அனுப்பச் சொன்னால், மச்சான் மேலே மட்டும் தண்ணீர் காட்டி அனுப்புவார். அடியில் மீன் தண்ணீர் சொட்டும். சாதாரணத் தண்ணீர் அல்ல. சளி மாதிரி இழுபடுகிற தண்ணீர். அது வாயில் விழாமலிருக்க ஏர்க்காரர் உதட்டை மடித்துக் கடித்துக்கொண்டு வேலை செய்வார். ஆனாலும் காதுக்குள் சொட்டும். ஸ்பிரிங்குகளின் இடுக்கில் புழு நெளியும். ஒருமுறை சட்டைக் காலருக்குள் ஒன்று இறங்கி, அவர் வண்டிக்கடியிலிருந்து கத்திக்கொண்டு வெளியே வந்ததைத் தெருவே நின்று பார்த்தது. உப்பு குழாய்களை அரிக்கும், போல்ட்டைத் துரு தின்றுவிடும். மாதத்துக்கு ஒருமுறை மூன்று டிரெய்லர், ஒவ்வொன்றின் நாற்றமும் அடங்க ஒரு வாரம் என்று கணக்குப் போட்டால், நல்ல காற்றைச் சுவாசித்த நாட்களே கொஞ்சம்.

வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் மனைவி வாசலில் நிற்பாள்.

“அங்கயே நில்லுங்க. பின்பக்கமா வாங்க.”

“என் வீடுடி இது.”

“வீடு உங்களுதுதான். மூக்கு என்னுது.”

பின்பக்கக் குழாயடியில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பார். பிறகு சோப்பு, பிறகு மறுபடியும் சோப்பு. நாற்றம் போகாது, நகக்கண்ணில் உட்கார்ந்துகொள்ளும். சோற்றுக் கையை வாயருகே கொண்டுபோகும்போது நாற்றம் எழும்பி வந்து மூக்கில் அறையும். கடைசியில் கரண்டியால் சாப்பிடப் பழகினார். சொந்த உழைப்பில் நாலு பேருக்குச் சோறு போட்ட கை, தன் வாய்க்கு ஆகாமல் போய்விட்டது. கார்க்காரர்கள், ஜீப்புக்காரர்கள் என்று நல்ல வாடிக்கைகள் ஒவ்வொன்றாக மூக்கைச் சுளித்துக்கொண்டு வேறு பட்டறை பார்த்தார்கள்.

நாற்பதாயிரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அந்த டிரெய்லர்களிலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும். வேறு ஆசை ஏர்க்காரருக்கு இல்லை. காலியான பிரேக் ஆயில் டப்பா ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டிக் கழுவி, பரணில் வைத்து, அதில் சேர்த்தார். முப்பத்தோராயிரம் சேர்ந்திருந்தது. இன்னும் ஒன்பது. எப்படிப் பார்த்தாலும் இரண்டு வருடம்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் ஒருநாள் காலையில் பட்டறைக்குள் வந்து கத்தினார்.

“என்ன மாப்ள, பிரேக்கு போடச் சொன்னா பூட்டு போட்டு வெச்சிருக்க?”

பட்டறையில் இரண்டு வாடிக்கைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழட்டும் என்றே கத்தினார்.

“என்னாச்சு மச்சான்?”

“மேட்டுல ஏறும்போது நாலு சக்கரமும் கவ்விக்கிச்சு. டிரம்முல புகை. சரக்கோட நாலு மணி நேரம் வெயில்ல நின்னுது. ஆலைக்காரன் வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பிட்டான். அழுகிப்போச்சாம்.”

“அது ஏற்கனவே அழுகினதுதானே?”

“அழுகல்லயும் தரம் இருக்கு மாப்ள! உனக்கென்ன தெரியும்? பதினோராயிரம் போச்சு. உன் வேலையால போச்சு. இனிமே உன் கணக்கு ஐம்பத்தோராயிரம். தெரிஞ்சுக்க.”

ஏர்க்காரருக்கு உடம்பு எரிந்தது. பணம் ஒரு பக்கம். இன்னும் நாலைந்து வருடம் அந்தச் சளித்தண்ணீருக்கு அடியில் கிடப்பது இன்னொரு பக்கம். எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு வாடிக்கைக்காரர்கள் முன்னால் ‘உன் வேலையால’ என்று ஒருவர் சொல்லிவிட்டார். அவர் கைவேலையை அதுவரை ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை.

“வண்டிய கொண்டாரச் சொல்லுங்க. பிரிச்சுப் பாத்துட்டுப் பேசுவோம்.”

மத்தியானம் டிரெய்லரை ஒரு டிராக்டரில் கட்டித் தரதரவென்று இழுத்துவந்தார்கள். மச்சானோடு டிரைவரும் வந்தான். வாசனை தெரியாதவன் என்பதால் அவனுக்கு மூக்கன் என்று பெயர். இருபது வருடம் மீன்குடலோடு ஓடியதில் மூக்கு செத்துப்போயிருந்தது. டிரெய்லரில் சரக்கு பாதி அப்படியே கிடந்தது. ஈக்கள் கறுப்புத் துணி போர்த்தியது போல் மொய்த்தன. உட்கார்ந்திருந்த வாடிக்கைக்காரர்களில் ஒருவர் எழுந்து தெருவோரம் போய் வாந்தியெடுத்துவிட்டு வந்து, மீதி வேடிக்கையைத் தூரத்தில் நின்று பார்த்தார்.

ஏர்க்காரர் முதலில் மாஸ்டர் சிலிண்டரின் மூடியைத் திறந்தார். உள்ளே தேன் நிறத்தில், தண்ணீர் மாதிரி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகக் கொழகொழவென்று ஏதோ நின்றது. சிலிண்டரைக் கழற்றி உள்ளிருந்த ரப்பரை நெம்பி வெளியே எடுத்தார். கட்டைவிரல் நகம் அளவு இருக்க வேண்டிய ரப்பர், மழைக்கு முளைத்த காளான் மாதிரி உப்பி, அழுத்தினால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. மீன்குடலைக் கூட அவர் அவ்வளவு அருவருப்போடு பார்த்ததில்லை.

பிரேக் ஆயிலில் ரப்பர் வருடக்கணக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. வேறு எண்ணெய் பட்டால் ஊதிவிடும். ஊதிய ரப்பர் திரும்பி வருகிற வழியை அடைத்துக்கொள்ளும். அமுக்கியது அமுக்கியபடியே நிற்கும்; சக்கரம் விடுபடாது. பூட்டுதான் அது. ஆனால் போட்டவர் வேறு ஆள்.

ஏர்க்காரர் அலமாரிப் பக்கம் போனார். இரண்டு கண்ணாடிக் கிளாஸ் எடுத்தார். ஒன்றில் புது டப்பாவிலிருந்து கொஞ்சம், இன்னொன்றில் டிரெய்லரிலிருந்து எடுத்த கறுப்பு கொஞ்சம். இரண்டிலும் தண்ணீர் ஊற்றி ஒரு குச்சியால் கலக்கினார். முதல் கிளாஸில் எல்லாம் ஒன்றாகக் கரைந்து தண்ணீரோடு தண்ணீராகிவிட்டது. இரண்டாவதில் கறுப்பு மேலே மிதந்து வட்டம் போட்டு நின்றது.

“மொதல்ல இருக்கே, இது பிரேக்குக்கு ஊத்தறது. தண்ணியில கலந்துடும். ரெண்டாவது மிதக்குது பாருங்க, இது இன்ஜின்ல இருந்து வடிச்ச பழைய ஆயில். மூக்கா, இத யாரு ஊத்தினது?”

மூக்கன் தலையைச் சொறிந்தான். மச்சானைப் பார்த்தான். பிறகு மேலே கூரையைப் பார்த்தான்.

“நீங்க குடுத்த டப்பா தீந்துபோச்சு மேஸ்திரி. புதுசு வாங்கணும்னேன். மொதலாளி, எதுக்கு தண்டச் செலவு, நம்ம வண்டியில வடிச்சதே ரெண்டு கேன் கெடக்குதேன்னு சொல்லிட்டு… அவரே ஊத்தினாரு.”

தூரத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். மச்சான் முகம் கறுத்தது.

“வெளக்கெண்ண மாதிரி உளறாதடா.”

“வெளக்கெண்ண ஊத்தியிருந்தாலும் இதே கதிதான் மச்சான்,” என்றார் ஏர்க்காரர்.

வெற்றி அந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் மச்சான் லேசான ஆள் அல்ல. அழுகலில் தரம் பிரிக்கிறவர்.

“சரி, ஊத்தினேன். ஏன் ஊத்தினேன்? ‘அளவுக் கோட்டுக்குக் கீழ போச்சுன்னா ஆயில் ஊத்திக்கோங்க மச்சான்’னு சொன்னது யாரு? பிரேக் ஆயில், பிரேக் ஆயில்னு ஏழு வருஷமா சொல்றது யாரு? நான் தண்ணியா ஊத்தினேன்? சாராயமா ஊத்தினேன்? ஆயில்னு சொன்ன. ஆயில் ஊத்தினேன். இதுல என் தப்பு எங்க மாப்ள இருக்கு?”

ஏர்க்காரர் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார். மச்சான் சொன்னது உண்மைதான். தன் குரலே அவர் காதில் கேட்டது: ‘ஆயில் ஊத்திக்கோங்க மச்சான்.’ கிளாஸைப் பார்த்தார். தண்ணீரில் கரைந்து நின்ற அது, ஆயில் ஜாதியே இல்லை. முப்பது வருடமாக அதை ஆயில் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்று குளித்துவிட்டு, மனைவியிடம் நடந்ததைச் சொல்லி, பரணிலிருந்து டப்பாவை எடுத்து வரச் சொன்னார். மச்சான் கணக்கை எப்படியாவது முடித்தாக வேண்டும் என்று தோன்றியது. மனைவி பணத்தை எண்ணினாள். முப்பத்தோராயிரம்தான், புதிதாக எதுவும் குட்டி போட்டிருக்கவில்லை. எண்ணி முடித்து, டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பத்தாவது வரை படித்தவள்.

“ஏங்க, இதுல எங்கயும் ஆயில்னு போடலயே.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். ஃப்ளூயிட்னுதான் போட்டிருக்கு. திரவம்னு அர்த்தம். அதோட பின்னாடி, வேற எண்ணெய் கலக்காதீங்கன்னும் எச்சரிக்கை போட்டிருக்கு. இது ஏழு வருஷமா நம்ம பரண்லதான் இருக்கு.”

ஏர்க்காரர் சுள்ளென்று விழுந்தார். “உலகமே ஆயில்னுதான் சொல்லுது. கடைக்காரன் ஆயில்ங்கறான். எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான் சொன்னாரு.”

“உலகம் சொல்லட்டும். உங்க வாயால கேட்டுத்தானே எங்கண்ணன் ஊத்தினாரு.”

“அப்ப நீ அண்ணன் பக்கமா?”

“நான் யாரு பக்கமும் இல்ல. எங்கண்ணன் கஞ்சத்தனம் பாதி, உங்க வாய் பாதி. அவ்வளவுதான். பணத்த உள்ள வெக்கவா?”

படிப்பில்லாததால் தனக்கு ஒரு நஷ்டமும் வந்ததில்லை என்று நாலு பேர் கூடுகிற இடங்களிலெல்லாம் அடித்துச் சொன்னவர் அவர். ஒரு தகர டப்பா அதைப் பொய்யாக்கிவிட்டது. மச்சானின் மீன்தண்ணீரைவிடத் தன் வாய்தான் அந்த ராத்திரி அவருக்குக் கசந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: கணக்கு என்று வந்துவிட்டால் அவர் தன் பக்கமும் சேர்த்துத்தான் போடுவார். அப்படிப் போடுகிறவர்கள் அதிகம் பேர் கிடையாது.

மறுநாள் மச்சானைக் கூப்பிட்டுச் சொன்னார்.

“உள்ள இருக்கற ரப்பர் எல்லாம் போச்சு. மாஸ்டர் சிலிண்டர், நாலு சக்கர சிலிண்டர், ஹோஸ், எரிஞ்சுபோன கட்டை எல்லாம் புதுசு போடணும். சாமான் பதினாலாயிரம். கூலி எட்டாயிரம். சாமான் உங்க கஞ்சத்தனத்துக்கு. கூலி என் வாய்க்கு, அத நான் வாங்கல. அழுகின சரக்கு பதினோராயிரம் உங்களோடது, அதப் பத்தி இனிமே பேசக் கூடாது.”

மச்சான் முனகினார். கூரையைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். மூக்கன் மறுபடியும் வாயைத் திறந்துவிடுவானோ என்று பயந்தோ என்னவோ, “சரி, அசல்ல கழிச்சுக்க,” என்றார்.

இரண்டு நாள் வேலை. சாமான்களைத் தெரிந்த கடையில் மாதத் தவணைக்கு எடுத்தார். ஏர்க்காரர் கடைசி முறையாக அந்த டிரெய்லருக்கடியில் போய்ப் படுத்தார். கடைசி முறை என்பதால் நாற்றம் குறைந்துவிடவில்லை. ஈரச் செதில் ஒன்று கண்ணிமையில் வந்து ஒட்டியது. குழாய்களைக் கழற்றி ஸ்பிரிட் விட்டு, உள்ளிருந்த கறுப்பு தீரும்வரை கழுவினார். எல்லாம் பூட்டிய பிறகு ஏர் எடுக்க, தூரத்துச் சக்கரத்திலிருந்து ஆரம்பித்தார். மூக்கன் கொக்கியில் நின்று தண்டை அமுக்கினான்.

“அமுக்கு… அப்படியே பிடி… ம், இப்ப விடு. மறுபடி அமுக்கு.”

காற்று வெளியேறுகிற நிப்பிளில் மாட்டிய சின்னக் குழாயில் முதலில் குமிழ் குமிழாக வந்தது. பிறகு ஒரு குமிழும் இல்லாமல் தெளிவாக, தேன் நிறத்தில் ஓடியது. நாற்பது நிமிடம். தண்டு கல் மாதிரி நின்றது. மூக்கன் வாயைப் பிளந்தான்.

“இன்னா கை மேஸ்திரி!”

“கையில எப்பவும் கொற இல்லடா,” என்றார் ஏர்க்காரர்.

பிறகு வெள்ளைப் பெயிண்ட் எடுத்து மூன்று டிரெய்லர்களின் மாஸ்டர் சிலிண்டர் மூடிகள் மேலும் எழுதினார். மனைவி ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைப் பார்த்து, எழுத்து எழுத்தாக: ‘ஆயில் அல்ல.’

வண்டியை எடுக்க மச்சான் வந்த காலையில், மனைவியும் பட்டறைக்கு வந்திருந்தாள். டப்பா அவள் கையில் இருந்தது.

“எதுக்கு மாப்ள இப்ப பணம்? நான் கேட்டேனா?” மச்சான் குரல் திடீரென்று இளகியது. “மிச்சம் இருபத்தாறுதானே. இருக்கட்டும். நீ எப்பவும் போல பிரேக்க பாத்துக்க. குடும்பத்துக்குள்ள…”

கடன் தீர்ந்துவிட்டால் மூன்று டிரெய்லருக்கும் வெளியில் கூலி கொடுக்க வேண்டும். அது மச்சானுக்கும் தெரியும்.

“கைய நீட்டுங்க மச்சான்.”

“அட, என்ன அவசரம்?”

“ஏழு வருஷம் அவசரப்படாம இருந்துட்டேன். நீட்டுங்க.”

மச்சான் தங்கையைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பால் மூக்கை மூடியிருந்தாள். “நீட்டுண்ணே,” என்றாள். “அவருக்கு வேலை இருக்கு.”

மச்சான் கையை நீட்டினார். உள்ளங்கை ரேகைகளில் செதில் மினுங்கியது. நகத்தோரம் எப்போதோ காய்ந்த ரத்தம். ஏர்க்காரர் டப்பாவிலிருந்து நோட்டுகளை எடுத்தார். எல்லாம் ஐந்நூறு. ஒவ்வொன்றையும் ஓரத்தில் இரண்டு விரலால் பிடித்து, அந்தக் கையில் தன் கை படாதபடி ஒரு சாண் உயரத்திலிருந்து விட்டார். நோட்டு விழ விழ வாய்விட்டு எண்ணினார். தூரத்தில் நிற்கிற வாடிக்கைக்காரர்களுக்கும் கேட்கிறபடி எண்ணினார். நடுவில் ஒரு முறை ஒரு நோட்டு மச்சான் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவரே குனிந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று ஏர்க்காரர் காத்திருந்தார்.

“ஐம்பது,” என்றார். “ஐம்பத்தொண்ணு.”

கடைசி நோட்டை எடுத்துக் கொஞ்ச நேரம் மேலேயே பிடித்திருந்தார்.

“ஐம்பத்திரெண்டு.”